பத்து பாகத்தில் கிடைத்த பச்சைப்பாசி

1. ஜாடியும் ஸ்லைடும்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சபேசன் சார் என் மேஜைமேல் மூன்று பொருள்களை வைத்தார். ஒரு கைலென்ஸ், ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் ஒரு செடி, ஒரு ஸ்லைடு. ஸ்லைடு என்பது கல்லை வெற்றிலையைவிட மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கல்லுக்குள் வெளிச்சம் ஊடுருவும்.

"ஜாடியில இருக்கறதும் கல்லுல இருக்கறதும் ஒரே குடும்பம். எப்படின்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு" என்றார். தம் அறைக்குப் போய்விட்டார்.

ஜாடியில் இருந்தது ஹாலிமீடா, ராமேஸ்வரத்துக் கடலில் வளரும் ஒரு பச்சைப்பாசி. சின்னச் சின்ன வில்லைகளைக் கோத்த சரம்போல இருக்கும். உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வில்லைக்குள்ளும் சுண்ணாம்பு சேர்ந்துகொள்ளும். செடி செத்தால் சரம் அவிழும், பச்சை வெளுக்கும், வில்லைகள் உதிர்ந்து மணலோடு மணலாகும். மற்றப் பச்சைப்பாசிகளில் பெரும்பாலானவை அழுகித் தடம் தெரியாமல் போய்விடும். சுண்ணாம்பு சேர்த்துக்கொள்ளும் சில மட்டுமே கல்லில் நிற்கும்.

ஸ்லைடில் இருந்தவை அப்படிக் கல்லான வில்லைகள். குறுக்கே வெட்டுப்பட்ட ஒவ்வொன்றிலும் நூல்போன்ற குழாய்கள் ஓடின. ஜாடியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துப் பிளேடால் சீவிப் பார்த்தேன். அதே குழாய்கள். நாலரை மணிக்குப் போய்ச் சொன்னேன்.

சபேசன் சார் கேட்டுக்கொண்டார். "அப்போ நாளைக்கும் வா" என்றார்.

ஆறு மாத டெம்பரரி வேலை அது. சுண்ணாம்புக்கல் எடுக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் டெக்னிகல் அசிஸ்டென்ட். கம்பெனியின் சூளைகள் திருவொற்றியூருக்கு வடக்கே இருந்தன. ஆய்வுக்கூடம் மட்டும் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு கோடவுனின் மாடியில். பாட்டனி படித்த ஒரு பெண்ணை அங்கே எடுத்தது அதுவே முதல் தடவை. ஆறு மாதம் முடிந்ததும் சபேசன் சார் எழுதும் ஒரு பக்க ரிப்போர்ட்டைப் பார்த்து வேலையை நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். அப்பா ரிடையராகியிருந்தார். தம்பிகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2. மூன்றாம் துளை

எங்கள் கம்பெனிக்குத் திருச்சி ஜில்லாவில் நிலம் இருந்தது. மனிதர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடி கல்லாகி, இன்று கம்பங்கொல்லைகளுக்கு அடியில் கிடக்கிறது. போரிங் மெஷினால் பூமியைத் துளைத்து எடுக்கும் நீண்ட உருளைக்கல்லைக் 'கோர்' என்போம். கோர்கள் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கூட்ஸ் வண்டியில் ராயபுரத்துக்கு வரும். அவற்றை அறுத்து ஸ்லைடு செய்து, இது எப்பேர்ப்பட்ட கடலடி என்று சொல்வது எங்கள் வேலை.

நான் சேர்ந்தபோது மூன்று துளைகள் போட்டு முடித்திருந்தார்கள். முதல் இரண்டிலும் உபயோகமில்லை. மூன்றாம் துளை சபேசன் சாரைக் குழப்பியது. அதில் ஹாலிமீடா வில்லைகள் ஏராளம். இடையிடையே களிமண் பட்டைகளும் இருந்தன. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். களிமண் படிந்த இடமோ கலங்கலான, ஆழமான தண்ணீர். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி?

விடை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

ஒன்று: அந்தக் கலங்கலிலேயே பாசி வளர்ந்தது. அப்படியானால் பாசிக்காடு மூன்றாம் துளை இருக்கும் இடத்திலேயே இருந்தது. நல்ல சுண்ணாம்புக்கல் அங்கிருந்து, கடல் ஆழப்பட்ட பக்கமாக, கிழக்கே தொடரும். அடுத்த துளை கிழக்கே.

இரண்டு: பாசி வேறெங்கோ கரையோரத்தில் வளர்ந்தது. வில்லைகளை அலை இழுத்துவந்து இங்கே போட்டது. அந்தக் காலத்துக் கரை மேற்கே. அடுத்த துளை மேற்கே.

அந்த வருஷத்துக்கு இன்னும் ஒரு துளைக்குத்தான் கம்பெனி சம்மதித்திருந்தது. அதிலும் களிமண் வந்தால் நிலத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

"தெளிஞ்ச தண்ணியில பச்சைப்பாசி ரொம்ப ஆழம் வரைக்கும் போறதுன்னு புஸ்தகத்துல இருக்கு. கலங்கல்ல போகுமான்னு எவனும் எழுதலை" என்றார் சபேசன் சார். "நம்ம கடல் கலங்கல்தானே. ராயபுரத்துலேருந்து எண்ணூர் வரைக்கும் எந்தப் பச்சைப்பாசி எங்க, எத்தனை ஆழத்துல வளர்றதுன்னு ஒரு டேபிள் போட்டுக் குடு."

நம் கரையில் ஹாலிமீடா கிடையாது. இங்கே வளரும் பாசிகள் வேறு சாதி. அவற்றை வைத்து ஹாலிமீடாவைப் பற்றிப் பேசுவது நேரான அத்தாட்சி ஆகாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கையில் இருந்தது அந்தக் கடல்தான்.

3. நாலாம் சதுரம்

துறைமுகத்துக்கு வடக்கே கொட்டியிருந்த கருங்கற்களில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம். கப்பலடிக்குப் பூசும் சிவப்பு ரெட்லெட் பெயின்டால் எல்லை கட்டி, எண் போட்டேன். வாரம் இரண்டு நாள், கடல் வற்றும் நேரத்தில், ஸ்கேலும் நோட்டுமாகப் போவேன்.

அலை ஓங்கி அடிக்கும் முனையில் கீட்டோமார்பா, பிரஷ்போல விறைப்பாக. சற்று ஒதுங்கிய கல்லில் உல்வா, ஈரமான கண்ணாடிக் காகிதம்போல. கல்லிடுக்கில் தேங்கிய நீரிலும், எண்ணூர்க் கழிமுகத்தின் உப்புக் குறைந்த தண்ணீரிலும் என்டரோமார்பா, பச்சைத் தலைமுடிபோல. எல்லாமே முழங்கால் ஆழத்துக்குள். இடுப்பளவுத் தண்ணீருக்குக் கீழே கல்லில் பச்சை தென்படவில்லை.

அந்தக் கற்களுக்குத் தினமும் வரும் இன்னொருத்தி கன்னியம்மா. மீன் விற்கிறவள், ஏறக்குறைய என் வயது. இடுப்பில் கூடை, கையில் ஒரு பழைய இரும்புத் தகடு. கல்லில் ஒட்டியிருக்கும் ஆழி என்னும் சிப்பிகளை அதனால் பெயர்த்துக் கூடையில் போடுவாள். நான் பெயின்ட் அடிப்பதைப் பார்த்து முதல் நாளே பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னாமே, கல்லுக்குப் பொட்டு வெச்சிகினு கீற?"

"அளவு பார்க்கறதுக்கு."

"பாசிய அளந்து இன்னா பண்ணுவ? ரவிக்க தைக்கப் போறியா?"

"எந்தப் பாசி எங்கே வளருதுன்னு எழுதறேன் கன்னியம்மா."

"கல்லு மேல வளருது. எய்திக்கோ. வேல முட்ஞ்சிது, வூட்டுக்குப் போ."

அன்றிலிருந்து அந்தக் கரையில் என் பெயர் பாசியம்மா.

மூன்றாவது வாரம் நாலாம் சதுரம் மொட்டையாக இருந்தது. முந்தின தடவை விரல் நீளம் வளர்ந்திருந்த என்டரோமார்பா ஓர் இழைகூட இல்லை. அடுத்த வாரம் துளிர்த்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி மொட்டை. என் நோட்டில் அந்த வரி இன்றும் இருக்கிறது: 'சதுரம் 4. பாசி இல்லை. அலை அரித்திருக்கலாம். மீன் மேய்ந்திருக்கலாம்.'

அலை நாலாம் சதுரத்தை மட்டும் தேடிவந்து அரிக்குமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

4. துலுக்காணத்தின் டப்பா

கரைக்கல் என் காலுக்கு எட்டியது. ஆழம் எட்டவில்லை. கட்டுமரத்தில் பெண்களை ஏற்றுகிற வழக்கம் அங்கே இல்லை. ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்; சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். ஆகவே கன்னியம்மாவின் கணவர் துலுக்காணத்திடம் மூடி போட்ட ஒரு தகர டப்பாவைக் கொடுத்தேன். கரைக்குக் கிழக்கே ஆழத்தில் 'பார்' என்று அவர்கள் சொல்லும் பாறைத் திட்டுகள் உண்டு. அவர் அங்கே தூண்டில் போடப் போவார்.

"ஆழத்துலேருந்து பச்சையா எது வந்தாலும் கடல் தண்ணியோட இதுல போட்டுக் கொண்டுவாங்க" என்றேன்.

"மருந்துக்கா பாசியம்மா?"

"பரிசோதனைக்கு."

"அதான், மருந்துக்கு" என்று தமக்குத் தாமே முடிவுசெய்துகொண்டார்.

நாலு நாளில் டப்பா வந்தது. உள்ளே, இப்போதுதான் பிடுங்கியதுபோல, ஒரு கைப்பிடி என்டரோமார்பா.

"எவ்வளவு ஆழத்துல கிடைச்சுது?"

"பத்து பாகம்" என்றார் கூசாமல். இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஆறடி. கயிற்றை விரித்து விரித்து அளப்பதில் அவருக்குத் தவறு வராது.

நான் அறுபதடி என்று எழுதினேன். மூன்று வாரத்தில் ஐந்து தடவை டப்பா வந்தது. ஐந்து தடவையும் பச்சை, ஐந்து தடவையும் பத்து பாகம்.

சபேசன் சார் டேபிளை இரண்டு தடவை படித்தார். "அஞ்சு தடவைன்னா தற்செயல் இல்லை" என்றார். நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலிடம் போய்க் கடலைப் பார்த்தார். "இந்தக் கலங்கல்ல அறுபதடி கீழே வளர்றதுன்னா அந்தக் கடல்ல ஏன் வளர்ந்திருக்கக் கூடாது? மூணாம் துளையில இருக்கறது அங்கேயே வளர்ந்ததுதான். நான் முதல்லேருந்தே அப்படித்தான் நினைச்சேன்."

அன்று மாலையே போரிங் கோஷ்டிக்குத் தந்தி போயிற்று. திங்கட்கிழமை மெஷினைக் கழற்றி வண்டிகளில் ஏற்றி, கிழக்கே நகரவேண்டியது. என் டேபிளைப் படம் வரைந்து ரிப்போர்ட்டோடு இணைக்கச் சொன்னார். "உன் பேரையும் போட்டுடறேன். கம்பெனியில பெர்மனென்ட் பண்ணாம என்ன செய்வான்?" என்றார்.

5. சிவப்புத் தூள்

வியாழக்கிழமை அந்தப் படத்தை வரைய உட்கார்ந்தேன். பத்து பாகத்து என்டரோமார்பாவில் நல்ல கொத்தாக ஒன்றை எடுத்துத் தட்டில் பரப்பினேன். நுனியிலிருந்து வரைந்துகொண்டே அடிக்கு வந்தேன். பாசிக்கு வேர் கிடையாது. அடியில் சிறு பசைத்திட்டு ஒன்றால் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் திட்டின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

லென்ஸில் பார்த்தேன். தூள். ஊசியால் எடுத்துத் துடைத்தேன். ஆரஞ்சு கலந்த சிவப்பு. என் அலமாரியில் இருந்த ரெட்லெட் டின்னின் விளிம்பில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டி அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

ஒரு காகிதத்தில் நான்கு காரணங்களை எழுதினேன்.

1. கப்பல்களின் அடியிலிருந்து உதிர்ந்த பெயின்ட் கடலில் மிதந்து ஒட்டியிருக்கலாம்.
2. துலுக்காணத்தின் டப்பாவிலோ கயிற்றிலோ பெயின்ட் இருந்திருக்கலாம்.
3. என் கைப்பட்டு, இங்கேயே ஒட்டியிருக்கலாம்.
4. இந்தப் பாசி என் சதுரத்திலிருந்து வந்திருக்கலாம்.

முதல் காரணம் மிக நன்றாக இருந்தது. துறைமுகத்தில் ரெட்லெட் பூசாத கப்பல் எது? அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை. படத்தில் அடிப்பகுதியை வரையவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிழக்கே துளை போட்டுக் களிமண் வந்தால் பூமியின்மேல் பழி போட்டுவிடலாம். போரிங்கில் அது சகஜம். அன்றைக்கு நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். சுமார் பத்து நிமிஷம் யோசித்தேன்.

பிறகு அதே கொத்தில் மற்ற அடிகளைப் பார்த்தேன். அலை பிய்த்த பாசியின் அடி பிசிறு பிசிறாக இருக்கும். இவை எல்லாம் ஒரே நேர்கோட்டில் அறுந்திருந்தன, தகட்டால் வழித்ததுபோல. நோட்டை எடுத்து, நாலாம் சதுரம் மொட்டையான தேதிகளைப் பார்த்தேன். துலுக்காணத்தின் டப்பா வந்த தேதிகளைப் பார்த்தேன். மொட்டையைக் கண்ட இரண்டு தடவையும் மறுநாளே டப்பா வந்திருந்தது. இரண்டு பட்டியலும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன.

6. மீன் தின்னாதது

மறுநாள் காலை கன்னியம்மா கல்லின்மேல் குந்தியிருந்தாள். கூடையைக் காட்டச் சொன்னேன். ஆழிகள் இருந்தன. அவற்றுக்கு அடியில், ஈரத்துணியில் சுற்றி, பச்சையாக ஒரு பந்து.

"இது எதுக்கு கன்னியம்மா?"

"எதுக்கா? எர. ஓரா மீனுக்குப் பாசின்னா உசுரு. தூண்டில்ல சுத்திப் போட்டா வந்து கவ்விக்கும். எங்க வூட்டுக்காரு தெனமும் எடுத்துகினுதான போறாரு."

"நாலாம் சதுரத்துல வழிச்சியா?"

அவள் முகம் சற்று வாடியது. "பொட்டு வெச்ச கல்லுலதான் கொயகொயன்னு நல்லா வளந்துச்சி. ரெண்டு மூணு தபாதான் எடுத்தேன். அதுக்கின்னா இப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் துலுக்காணமே வலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டப்பாவில் இருந்தது எங்கே வளர்ந்தது என்று கேட்டேன்.

"இங்க வளந்ததுதான். நம்ம கல்லுது."

"பத்து பாகம்னு சொன்னீங்களே."

"ஆமா. பத்து பாகத்துலேர்ந்துதான் இஸ்தேன். நீ எத்தினி ஆயத்துல கெட்ச்சிதுன்னு கேட்ட, சொன்னேன். எங்க வளந்துச்சின்னு கேட்டியா?" கொஞ்சம் பரிதாபப்பட்டதுபோல் என்னைப் பார்த்தார். "சில நாளு மீன் கவ்வாது. எர அப்டியே மேல வரும். சும்மா தூக்கிப் போடறதுக்கு, பாசியம்மா கேட்டுச்சேன்னு டப்பால போட்டேன்."

"மீன் துன்னாதத உனுக்குக் குட்த்துகீறாரு" என்றாள் கன்னியம்மா. "அத்தப் போயி மருந்துன்னு நென்ச்சி நான் வேற பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பார் மேல பச்சையா ஏதாவது வளருதா?"

"அங்க ஏது பச்ச? நங்கூரக் கல்லத் தூக்கினா செவப்பா, கறுப்பா என்னாமோ ஒட்டிகினு வரும். கலீஜா நாறும். பச்ச ஒரு நாளும் வந்தது கெடியாது."

இந்தப் பதில் இத்தனை வாரமாக அங்கேயே இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

7. சபேசன் சாரின் அறை

ரிப்போர்ட்டை டைப் அடித்து மேஜைமேல் வைத்திருந்தார். அதன்மேல் என் நோட்டை வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களைத் திறந்து காட்டினேன். சிவப்புத் தூள் ஒட்டிய அடியை லென்ஸோடு பக்கத்தில் வைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"அப்போ அஞ்சும்?"

"அஞ்சும் தூண்டில் இரை சார். கரைக்கல்லில் வழித்தது."

"இந்தச் சிவப்பு உன் கண்ணுல படலைன்னா?"

"கிழக்கே போயிருப்போம் சார்."

வெகு நேரம் லென்ஸில் அந்தத் தூளைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் என்மேல் மட்டும் இல்லை.

"நீ கேட்கலை, சரி. புதுசு. நான் கேட்டேனா? மண்ணும் கலங்கலும் இருக்கற இடத்துல அறுபதடி கீழ தளதளன்னு பச்சைங்கறா, யார் பார்த்தான்னு நான்தான் முதல்ல கேட்டிருக்கணும். எனக்கு வேண்டிய பதில் கிடைச்சுடுத்து. அதோட நிறுத்திண்டுட்டேன்."

தந்திப் படிவத்தை எடுத்து, மெஷினை நகர்த்தாமல் நிறுத்திவைக்கும்படி எழுதினார். ப்யூனை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது உன் ஆறு மாச ரிப்போர்ட்டுல வரும். மறைக்க மாட்டேன்."

"சரி சார்."

"கிழக்கே இல்லைன்னா உடனே மேற்கேன்னு அர்த்தம் ஆகாது. டேபிள் போச்சு, அவ்வளவுதான். கையில என்ன மிச்சம் இருக்கு?"

"மூணாம் துளை ஸ்லைடு இருக்கு சார்."

"அதைத்தான் ஆறு வாரமா பார்த்துண்டிருக்கோமே."

"வில்லைகளை எண்ணினோம் சார். ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு எழுதலை."

"திங்கட்கிழமை ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம். அதுக்கு மேல முடியாது" என்றார்.

8. வில்லைகள்

சனிக்கிழமை ஜாடியிலிருந்த ஹாலிமீடாவை எடுத்து, சரத்தை முழுதாகப் பிரித்தேன். அந்தச் செடி இனி ஜாடிக்குத் திரும்பாது. சபேசன் சாரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். ஒரே செடியில் எத்தனை அளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. அடி வில்லைகள் தடித்து அகலமாக இருந்தன. நடுவில் இருந்தவை விசிறிபோல. நுனி வில்லைகள் மிளகாய் விதையளவு. ஆக, ஒரு செடி நின்ற இடத்திலேயே செத்து உதிர்ந்தால் பெரிதும் சிறிதும் கலந்து கிடக்கவேண்டும்.

பிறகு ஸ்லைடுகளை எடுத்தேன். நூறு வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள்: அளவு என்ன, ஓரம் முழுசா, உடைந்ததா, எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது, பக்கத்தில் இருப்பது என்ன.

ஞாயிறு மதியத்துக்குள் பதில் தெளிந்துவிட்டது. மூன்றாம் துளையில் நுனி வில்லை ஒன்றுகூட இல்லை. தடித்த அடி வில்லையும் இல்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஓரங்கள் தேய்ந்து உருண்டிருந்தன. பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருந்தன. பக்கத்தில் கிடந்த மணற்பருக்கைகளும் அதே அளவு. ராயபுரம் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கிளிஞ்சல் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த வரிசையில் பெரிதும் சிறிதும் கலந்து கிடக்காது. தண்ணீரே சலித்துப் போட்டிருக்கும்.

இந்த வில்லைகள் அங்கே வளரவில்லை. கரையோரத்தில் வளர்ந்து, உதிர்ந்து, தேய்ந்து, சலிக்கப்பட்டு, ஆழத்தில் களிமண்ணின்மேல் வந்து விழுந்தவை. துலுக்காணத்தின் டப்பாவில் இருந்த பாசிக்கும் இவற்றுக்கும் ஒரே கதைதான். அதைக் கொண்டுபோனது கட்டுமரம், இவற்றைக் கொண்டுபோனது அலை. தகட்டால் வழித்த அடியைப் பார்த்திராவிட்டால், வில்லையின் தேய்ந்த ஓரத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை காலை சபேசன் சார் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் பட்டியலைப் பார்க்காமல் தாமே இருபது வில்லைகளைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டார். பத்தரை மணிக்கு இரண்டாவது தந்தி போயிற்று. மேற்கே.

9. பதிவேட்டில் ஒரு கட்டம்

ஆறு மாதம் முடிந்தபோது என் வேலை நிரந்தரமாகவில்லை. சபேசன் சார் சொன்னபடியே எல்லாவற்றையும் எழுதியிருந்தார்: தவறு, அதைக் கண்டுபிடித்தது யார், எப்போது சொன்னாள். மேலே இருந்தவர்கள் முதல் வரியை மட்டும் படித்தார்களோ என்னவோ, இன்னும் ஆறு மாதம் டெம்பரரி என்று ஆர்டர் வந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா, "அனுப்பிடலையே" என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கன்னியம்மாவும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே என்னுடையது, வெளியே அவளுடையது. "கடலயே பாகம் பிரிச்சிகினியா பாசியம்மா" என்று கேலி செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு நாலாம் சதுரத்தை ஒரு நாளும் தொடவில்லை. துலுக்காணம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது, நானே வேறொரு வேலை சொன்னேன். நங்கூரக் கல்லில் ஒட்டிவருவது எதுவானாலும், நிறம் பார்க்காமல் கொண்டுவரச் சொன்னேன். 'கலீஜு' என்று அவர் சொன்னவற்றை வைத்துப் பிறகு ஒரு தனி நோட்டே போட்டேன்.

ஆய்வுக்கூடத்தின் பதிவேட்டில் அதுவரை 'கிடைத்த இடம்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். ஒன்று 'கொண்டுவந்தது யார், எது'. மற்றது 'வளர்ந்த இடம்'. இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், மூன்று கட்டம் எதற்கு, ஒரே தகவல்தானே என்று கேட்கிறார்கள். உயிருள்ள பாசியானால் விசாரித்து எழுதலாம். கல்லில் இருப்பதை யாரை விசாரிப்பது? அதனிடமே விசாரிக்க வேண்டும்: ஓரம், அளவு, சாய்வு, பக்கத்தில் இருப்பது. அப்படியும் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுங்கள். அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்தில் மட்டும் நிறையத் 'தெரியாது' இருக்கிறது. முதல் காரணம் நன்றாகப் பொருந்துகிறதே என்று கட்டத்தை நிரப்பிவிடாதீர்கள். எனக்குப் பொருந்திய காரணம் ஐந்து தடவை பொருந்தியது.

நான்காம் துளையின் கோர் ஆனி மாதத்தில் வந்தது. பெட்டியைத் திறந்தபோதே கல் வெளுப்பாக இருந்தது. களிமண் பட்டை கண்ணில் படவில்லை. சபேசன் சார் முதல் ஸ்லைடைச் செய்யும்வரை காத்திருந்தார். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, தாம் பார்க்காமல், என்னைப் பார்க்கச் சொன்னார்.

பெரிய வில்லைகள், விசிறி வில்லைகள், மிளகாய் விதையளவு நுனி வில்லைகள், எல்லாம் கலந்து கிடந்தன. ஓரங்கள் தேயவில்லை. ஓர் இடத்தில் நுனி வில்லை ஒன்று தன் அடுத்த வில்லையை விட்டு இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

சபேசன் சாருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். 'கிடைத்த இடம்': நான்காம் துளை. 'கொண்டுவந்தது யார், எது': யாரும் இல்லை. 'வளர்ந்த இடம்' என்ற மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, அவர் எழுந்த பிறகு இன்னொரு தடவை குனிந்து அந்த ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வில்லைகளையும் பார்த்தேன். அதன் பிறகுதான் எழுதினேன்: அதே இடம்.